இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை

மூட்டை தூக்கவில்லை. வண்டியிலிருந்து விழவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். இடுப்பில் 'சுருக்' என்று ஏதோ பிடித்தது. நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஏய்யா, குறுக்கு புடிச்சிருச்சா?" என்று அம்மா ஓடிவந்தாள். எங்கள் மதுரைப் பக்கம் குறுக்கு என்றால் வேட்டி முடிச்சுக்கு நேர் பின்னால் இருக்கும் இடம். தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், பாயை விரித்துப் படுக்கவைத்தாள். நாற்பதைத் தாண்டியவனுக்குக் குறுக்குப் பிடிப்பது பெரிய விஷயமா என்று நானும் இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் வலி இடம் மாறியது. இடது பிட்டத்தின் நடுவில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால், குதிகால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பதுபோல இருந்தது. தும்மல் வந்தால் பயம். இருமினால் கால் வெடுக்கென்று துள்ளும். உட்கார முடியாது, நின்றால் ஐந்து நிமிடம், படுத்தால் ஒருக்களித்து முழங்காலை மடக்கிய ஒரே ஒரு நிலையில் மட்டும் கொஞ்சம் அடங்கும். சுண்டுவிரலை அம்மா கிள்ளிப் பார்த்தாள். தெரியவில்லை.

இது நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. அதில் முதல் ஐந்து வாரங்களை நான் பாயிலேயே கழித்தேன். கழித்திருக்க வேண்டியதில்லை. வலியைவிட அதிகமாக என்னைப் படுக்கவைத்தது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதைப் படித்துச் சொன்னவர்களின் வார்த்தைகளும்தான் என்பது பின்னால்தான் புரிந்தது. தெருவுக்கு நான்கு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நம் ஊரில் அந்த ஐந்து வாரங்களை இன்னொருவர் வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலகம் முழுக்க 2020-ல் கீழ் முதுகு வலியோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. 13 பேரில் ஒருவர். 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர்களை வேலைக்குப் போகவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இவர்கள் எல்லோருக்கும் வலி காலுக்கு இறங்குவதில்லை. இறங்கியவர்களுக்கு அது வேறொரு உலகம்.

நுங்கும் நரம்பும்

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எல்1 முதல் எல்5 வரை என்று மருத்துவர்கள் எண்ணுவார்கள். அதற்குக் கீழே எஸ்1 தொடங்குகிறது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு. டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் நாம் சொல்வது அதைத்தான். வெளியே பல அடுக்கு நாரால் பின்னிய வளையம், உள்ளே இளநுங்குபோல வழவழவென்று ஒரு கூழ். வயது ஏற ஏற அந்த நுங்கு நீர் வற்றி, கடுக்காயாக முற்றும். நார் வளையத்தில் வெடிப்பு விழும். ஒருநாள் வாய் கொப்பளிக்கக் குனியும்போது அந்த வெடிப்பு வழியே கொஞ்சம் கூழ் பிதுங்கும். 'ஜவ்வு விலகிருச்சு' என்பார்கள். உண்மையில் தட்டு எங்கும் விலகிப்போவதில்லை. இரண்டு எலும்போடும் இறுக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் ஓரம் புடைத்திருக்கிறது, அல்லது உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம். 'விலகியதை உள்ளே தள்ளி வைக்கிறேன்' என்று சொல்லித்தான் பலர் நம் முதுகில் ஏறி மிதிக்கிறார்கள்.

பிதுங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 ஆகிய வேர்கள் சேர்ந்து முறுக்கிக்கொண்டு ஒரே நரம்பாகிப் பிட்டத்துக்குள் நுழைகின்றன. சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே பருமனான நரம்பு இதுதான். விரல் கனம் இருக்கும். எந்த வேரில் தொந்தரவோ அதற்கேற்பக் காலில் வலி கோடு போடும். எல்5 என்றால் காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறம், பெருவிரல். எஸ்1 என்றால் பின்பக்கமாக இறங்கிக் குதிகால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். என் சுண்டுவிரல் மரத்ததற்குக் காரணம் அங்கிருந்து மூன்றடிக்கு மேலே இருந்தது.

இந்த வலி புதிதல்ல. ஆயுர்வேதம் இதைக் 'கிருத்ரஸி' என்று குறித்திருக்கிறது. கழுகு போல நடக்கவைக்கும் நோய் என்று பொருள் சொல்வார்கள். காலை ஊன்ற முடியாமல் விந்தி விந்தி நடந்த எவருக்கும் அந்தப் பெயரின் துல்லியம் தெரியும். 1764-ல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிக்கோ கொட்டூன்யோ, இடுப்பு மூட்டு வலி வேறு, நரம்பிலிருந்து வரும் வலி வேறு என்று பிரித்து எழுதினார். ஆனால் நரம்பைத் தொந்தரவு செய்வது எது என்பது தெரிய இன்னும் 170 ஆண்டுகள் ஆயின. முதுகுத்தண்டில் சிறு கட்டிகள் இருப்பதாக நினைத்து அறுவை செய்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டன் நகரத்தில் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இருவர் அந்தக் 'கட்டிகளை' மறுபடி ஆராய்ந்து, அவை புற்றுக் கட்டிகளே அல்ல, பிதுங்கிய டிஸ்க்கின் துண்டுகள் என்று 1934-ல் அறிவித்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரு படத்தை எல்லோர் மனத்திலும் பதித்துவிட்டது: எலும்பும் ஜவ்வும் நரம்பை நசுக்குகின்றன, எடுத்துவிட்டால் தீரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கதை அதோடு முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பன்றிகளின் நரம்பு வேர்மீது டிஸ்க்கின் கூழைச் சும்மா தடவிவைத்துப் பார்த்தார்கள். நசுக்கல் எதுவும் இல்லை. அப்படியும் நரம்பு கெட்டது. கூழ் பட்டாலே நரம்பு புண்ணாகிச் சிவந்து வீங்குகிறது. காலில் இறங்கும் அந்தக் காந்தலில் பெரும்பங்கு இந்த அழற்சிதான்.

பின்னால் நான் பார்த்த மருத்துவர் இதைச் சொன்னபோது ஏற்பட்ட நிம்மதியை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நசுங்கியது என்றால் யாராவது தூக்கிவிட வேண்டும். புண் என்றால் ஆறும். அதற்கு மேலும் ஒன்று சொன்னார். வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. ரத்தத்தில் இருந்து வரும் விழுங்கு செல்கள் அதைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த கட்டுரை ஒன்றின்படி, வெறுமனே புடைத்த டிஸ்க்குகளில் 13 சதவீதம்தான் தானாகச் சுருங்கின. முழுக்கப் பிய்ந்து வெளியே வந்துவிட்ட துண்டுகளிலோ 96 சதவீதம். படத்தில் எது பார்க்கப் பயங்கரமாக இருக்கிறதோ அதுதான் கரைந்துபோக வாய்ப்பு அதிகமானது.

ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது

நான் எம்.ஆர்.ஐ. எடுத்தது வலி வந்த ஒன்பதாம் நாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவர் சலுகை விலையில் ஏற்பாடு செய்தார். ரிப்போர்ட்டில் எல்5–எஸ்1 டிஸ்க் வெளித்தள்ளல், எஸ்1 வேரில் அழுத்தம், மேலே இரண்டு இடங்களில் புடைப்பு, 'தேய்மான மாற்றங்கள்' என்று முக்கால் பக்கம் இருந்தது. அதை வாங்கிப் பார்த்த முதல் மருத்துவர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்றார். வீடு திரும்பிப் பாயில் படுத்தவன்தான். திரும்பிப் படுக்கும்போதுகூட உள்ளே ஏதோ இன்னும் கொஞ்சம் பிதுங்குவதாகக் கற்பனை ஓடும். குனிய மாட்டேன். தரையில் விழுந்த பேனாவை மகள் எடுத்துத் தர வேண்டும்.

இப்படி எழுதப்படுவதெல்லாம் வலியில்லாதவர்களுக்கும் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்கு அதைவிட ஒரு படி மேலே, பிதுக்கமே இருந்தது. எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 36 சதவீதம்தான். 2015-ல் வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதற்கு யாரும் ரிப்போர்ட் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டுத் தருவதில்லை. முதுகின் நரைக்கு மட்டும் தருகிறோம்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டிய நேரத்தில் அது உயிர் காக்கும். ஆனால் வலி வந்த முதல் வாரத்தில், ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது எடுத்தால் அதில் தெரிவதெல்லாம் வலியின் காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறு வாரம் போகட்டும், அப்போதும் குறையவில்லை என்றால், அல்லது அறுவையோ ஊசியோ யோசிக்கும் கட்டம் வந்தால் எடுக்கலாம் என்பதுதான் பல நாட்டு வழிகாட்டு நெறிகளின் சாரம்.

ஆறாவது வாரம் நண்பர் ஒருவர் வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றி இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப்போனார். படத்தை நீட்டினேன். "அதை அப்புறம் பாக்கலாம் சார். மொதல்ல அந்த வராண்டாவுல குதிகாலால நடங்க. அப்புறம் நுனிக்காலால நடங்க" என்றார். குதிகால் நடை வந்தது. நுனிக்காலில் இடதுபக்கம் தடுமாறினேன். படுக்கவைத்துக் காலை நீட்டியபடி தூக்கினார். பாதி உயரத்துக்கு வரும் முன்பே கத்திவிட்டேன். சுத்தியலால் குதிகால் தசைநாரைத் தட்டினார். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில்தான் படத்தைப் பார்த்தார். "ஒரு வேர் புண்ணாயிருக்கு. ஆறிக்கிட்டு வருது. நாளையிலேருந்து நடங்க" என்றார். அவ்வளவு நேரமும் கூட வந்திருந்த என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அழுதுவிட்டாள்.

படுக்கையும் நடையும்

இடுப்பு வலிக்குப் படுக்கைதான் மருந்து என்பது நம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் நெடுநாள் இருந்த நம்பிக்கை. 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வலி தாங்குகிற அளவில் வழக்கமான வேலைகள். மூன்றாவது பிரிவினர்தான் சீக்கிரம் தேறினார்கள். அது வெறும் இடுப்பு வலி, காலுக்கு இறங்கிய வலிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் சயாட்டிகா எனப்படும் அந்தக் கால் வலி உள்ள நோயாளிகள் 183 பேரிடம் பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் படுத்தவர்களிலும் படுக்காதவர்களிலும் 12 வாரத்தில் தேறியவர்கள் ஒரே அளவு, 87 சதவீதம். படுத்ததால் எந்த லாபமும் இல்லை. 

முதல் இரண்டு மூன்று நாள் நெருப்பாக எரியும்போது படுக்கத்தான் வேண்டியிருக்கும். அதில் குற்றம் இல்லை. மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம்; ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவே ஒன்று. எழும்போது விருட்டென்று நிமிராமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். 'வலப்பக்கம் ஒருக்களிச்சு எந்திரி' என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்த அதே முறை. கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 313 பேருக்கு மெத்தை கொடுத்துப் பார்த்ததில், கல் போன்ற மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் வலியைக் குறைத்தது.

எனக்குக் கிடைத்த முதல் பாடம், பிசியோதெரபி செய்துவிட்ட பெண்மணி சொன்னது. "கால் வலி மேல ஏறுதான்னு மட்டும் பாருங்க சார். இடுப்புல கூடினாலும் பரவாயில்ல." இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் கால் வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையில் சிறிது நேரம் கிடந்தவரைக் கவனித்தபோது காலில் வலி இல்லை என்றிருக்கிறார். வலி காலை விட்டு விலகி இடுப்பை நோக்கி ஒடுங்குவது நல்ல சகுனம் என்பதை மெக்கன்ஸி அதிலிருந்து பிடித்துக்கொண்டு ஒரு முறையையே வளர்த்தெடுத்தார். எனக்கும் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழும்பும் பயிற்சிதான் கைகொடுத்தது. எல்லோருக்கும் இது ஒத்துவராது. வயதானவர்களில் முதுகுத்தண்டின் குழாயே சுருங்கியிருப்பவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும், முன்னால் குனிந்தால் இதமாக இருக்கும். நடந்தால் கால் கனத்து, எங்காவது உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் தாத்தாக்கள் இந்த வகை. எது ஒத்துவருகிறது என்பதை உடம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும், யூடியூபைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நடை மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. முதல் நாள் நான் நடந்தது எங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் வரை. நூறு அடி இருக்கும். ஒரு மாதத்தில் பிள்ளையார் கோயில், மூன்றாம் மாதம் கண்மாய்க்கரை. முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை ஆஸ்திரேலியாவில் பின்தொடர்ந்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டி, ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கி நடந்தவர்களுக்கு வலி மறுபடி வர நடுவே கிடைத்த இடைவெளி 208 நாள். நடக்காதவர்களுக்கு 112. இதற்குத் தேவைப்பட்டது ஒரு ஜோடிச் செருப்பு.

பொட்டலம், ஊசி, பெல்ட்

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். 'இடுப்பு வலிக்கு மாத்திரை கலந்து குடுங்க' என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காகிதத்தில் மடித்துத் தரும் அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது தின்பவருக்குத் தெரியாது. வலி மாத்திரைகளை நாள் கணக்கில் சாப்பிட்டால் குடற்புண் வரும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் அடிவாங்கும். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டே நாளில் 'ஜம்முனு' இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான்.

நரம்பு வலிக்கென்று பரவலாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரையை ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா உள்ள 209 பேருக்குக் கொடுத்துச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கால் வலி அதிகமாகக் குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து அது. அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் போடும் ஊசி இடம் தப்பிக் குத்தினால் சயாட்டிக் நரம்பிலேயே இறங்கிவிடும். பிட்டத்தின் மேல்பக்க வெளி ஓரத்தில்தான் போட வேண்டும். கால் வலிக்கு ஊசி போடப் போய்ப் பாதம் தொங்கித் திரும்புகிற கொடுமை இதனால்தான் நடக்கிறது. மெலிந்த உடம்புக்காரர்களும் குழந்தைகளும் கூடுதல் கவனம்.

இடுப்பு பெல்ட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டு நெறியை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக 2023 டிசம்பரில் வெளியிட்டபோது, வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் பெல்ட்டும் உண்டு, எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் உண்டு, ஓபியாய்டு வலி மருந்துகளும் உண்டு. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவான விளக்கம், மனதுக்கான சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது.

எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடமும் இதம் தரும். அம்மா தேய்த்துவிட்டபோது இறுகிய சதை இளகியது உண்மை, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் குறுக்குப் பிடிப்பு போகும் என்று எங்கள் ஊரில் இன்னும் கூட்டிப்போகிறார்கள். முதுகுத்தண்டில் காசநோய் இருப்பவரை, எலும்பு மெலிந்த பாட்டியை அப்படி மிதித்தால் எலும்பு நொறுங்கும். வாழ்நாளுக்கும் எழ முடியாது. தயவுசெய்து யாரையும் முதுகில் ஏறவிடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்

சிறுநீர் வரவில்லை, அல்லது வருவது தெரியாமல் போகிறது. மலம் அடங்கவில்லை. சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போகிறது. இரண்டு காலும் சேர்ந்து பலமிழக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளம் இது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். 'வெட்கமா இருக்கு, காலைல பாத்துக்கலாம்' என்று ஓர் இரவைக் கடத்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

பாதம் தொங்கி, செருப்பு தானாகக் கழன்று விழுந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி என்றால் காசநோய், புற்றுநோய் இரண்டையும் தேட வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல, மருந்தால் குணமாகும். இருபது, முப்பது வயதில் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகிக்கிடந்து, நடமாடினால் இளகி, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது ஜவ்வாக இல்லாமலும் இருக்கலாம். மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டிய வேறு நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டு பாதமும் எரிவது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.

அறுவை பற்றி நம்மிடம் இரண்டு பயங்கள் உலவுகின்றன. செய்யாவிட்டால் கால் போகும், செய்தால் கால் வராது. இரண்டும் தவறு. கடுமையான சயாட்டிகாவோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்தவர்கள் 283 பேரை நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். அவர்களிலும் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் பிற்பாடு அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். 2007-ல் வந்த முடிவு இது. சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் விட்டது, அந்த லாபம் நிஜம். தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அந்தச் சில மாதங்கள் குடும்பத்தின் சோறு. காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கலாம், முடியாதவர் பயப்படாமல் செய்துகொள்ளலாம். முடிவு நோயாளியுடையது.

யாருடைய முதுகு

சோறு என்று எழுதியதும் கை நிற்கிறது. எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தலையில் ஏற்றி மூன்று மாடி ஏறுகிறவருக்கு யார் கொடுப்பார்கள்? ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டே நாள் முழுக்கத் தூக்குகிறார் அவர். இடுப்பொடிய நாற்று நடுகிற பெண், பழைய பேருந்தின் அதிர்வை எட்டு மணி நேரம் முதுகெலும்பில் வாங்குகிற ஓட்டுநர், மிஷினில் குனிந்தே இருக்கிற தையல்காரர் ஆகியோரிடம் போய், 'வலி தாங்குகிற அளவுக்கு மட்டும் வேலை செய்யுங்கள்' என்று சொல்லும்போது என் குரல் எனக்கே தாழ்ந்துவிடுகிறது.

ஜவுளிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளை 'அங்காடித் தெரு' படம் 2010-ல் காட்டியது. கடைப் பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது 2021-ல். கேரளம் அதற்கு முன்பே, 2018-ல் செய்திருந்தது. சட்டம் வந்த பிறகும் நீங்கள் போகும் கடையில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளா என்று அடுத்த முறை பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் இருக்கிறது. பிசியோதெரபி என்றால் காசு உள்ளவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ வீடுகளில் இது தெரியவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெண்கள் சொல்லும் ஒரு வரி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைலருந்து இடுப்பு வலி." ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்பதைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, இடைவிடாமல் குனிந்து பிள்ளையைத் தூக்குவது, கூன்போட்டுப் பால் கொடுப்பது, துண்டுதுண்டான தூக்கம், இவையெல்லாம் காரணம். இதைச் சொல்வது ஊசிக்காகப் பரிந்துபேச அல்ல. ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தத் தாய்க்குத் தர வேண்டிய பயிற்சியும் ஓய்வும் தரப்படாமலே போகின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இன்னொரு முகம் வந்துவிடுகிறது. புண் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் எச்சரிக்கையை நிறுத்த மறக்கின்றன. தூக்கம் கெட்ட நாளில் வலி கூடும். வீட்டில் சண்டை, கடன்காரர் போன் என்றால் கூடும். 'அப்போ மனசுலதான் வலியா, நடிக்கிறேனா' என்று கோபப்பட வேண்டாம்; நானும் பட்டேன். வலி நிஜம். அதைப் பெருக்கும் கருவி முறுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை இறக்க எனக்கு உதவியவை சின்னச் சின்னவை. அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுவது. இரவு பத்தரைக்குப் படுத்துவிடுவது. பேருந்தில் கடைசி சீட்டைத் தவிர்ப்பது. வலிக்கிற நாளில் நடையைப் பாதியாகக் குறைப்பது, முழுக்க விடாதிருப்பது. நன்றாக இருக்கிற நாளில் உற்சாகத்தில் பரண் ஏறிச் சுத்தம் செய்யாதிருப்பது. ஒருமுறை செய்தேன், நாலு நாள் போனது. ஆனால் அந்த நாலு நாளும் பயமில்லை. குனியவே கூடாது என்ற பயத்திலிருந்து வெளியே வர, பயிற்சி தந்த பெண்மணி முதலில் காலிக் குடத்தைத் தூக்கச் சொன்னார். பிறகு கால் குடம் தண்ணீர். உடம்போடு ஒட்டி, இடுப்பைத் திருகாமல். இப்போது முழுக்குடம் வருகிறது.

சுண்டுவிரலில் மரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. மருத்துவரிடம் கேட்டேன். "உள்ள இருக்கிற நரம்பு இழை கெட்டுப்போயிருந்தா, அது மறுபடி வளர்றது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சார். இடுப்புலேருந்து சுண்டுவிரல் எவ்வளவு தூரம்?" என்றார். வீட்டுக்கு வந்து தையல் டேப்பால் மகள் அளந்தாள். ஒரு மீட்டரும் கொஞ்சமும். ஆயிரம் நாளுக்கு மேல். போன வாரம் வாசல் தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றபோது, அந்த விரலின் உள் ஓரத்தில் லேசாகக் குளிர்ந்தது.